மதுரை மீண்டும் கடம்பவனம் ஆகுமா?

மதுரைக்குக் கடம்பவனம் என்று ஒரு பெயர் உண்டு. கடம்ப மரங்கள் அடர்ந்திருந்த காடு பின்னர் நகரமாயிற்று என்பது தலபுராணம் கூறும் கதை. மீனாட்சியம்மன் கோயிலின் தலமரமும் கடம்புதான். காய்ந்துபோன பழைய கடம்ப மரம் ஒன்றின் அடிப்பாகத்தை இன்றும் கோயிலுக்குள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

இளம் நண்பர்களே! இந்தக் கதையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்போமா? நாளைக் காலையில் மதுரை மக்கள் அனைவரும் ஊரைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாசி வீதிகளில் ஆள் நடமாட்டம் இல்லை. வயல்களில் உழவு இல்லை. கண்மாய்க் கரையில் ஆடு மாடுகள் இல்லை. இப்படியே நூறு ஆண்டுகள் கழிகின்றன. அப்போது அங்கே என்ன இருக்கும்? மீண்டும் கடம்பவனமா?

"மனிதன் இல்லாவிட்டால் காடு தானாக வளர்ந்துவிடும்" என்று உங்களில் பலர் சொல்லக்கூடும். இந்த விடை பாதிதான் சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள நாம் ஒரு பாறைக்கும், ஒரு தரிசு நிலத்துக்கும், ஒரு கண்மாய்க்கும் போய்வர வேண்டும். மூன்றும் மதுரையைச் சுற்றியே இருக்கின்றன.

வழிமுறை வளர்ச்சி என்றால் என்ன?

ஓர் இடத்தில் சேர்ந்து வாழும் தாவரங்களையும் விலங்குகளையும் ஒரு சமுதாயம் என்கிறோம். மனித சமுதாயத்தைப் போலவே இதுவும் மாறிக்கொண்டே இருக்கிறது. முதலில் சில செடிகள் குடியேறுகின்றன. அவை வாழ்வதாலேயே அந்த இடத்தின் மண்ணும் ஈரமும் நிழலும் மாறுகின்றன. மாறிய இடம் வேறு செடிகளுக்கு ஏற்றதாகிவிடுகிறது. புதியவை வருகின்றன; பழையவை விலகுகின்றன. செடிகள் மாறும்போது அவற்றை நம்பி வாழும் பூச்சிகளும் பறவைகளும் விலங்குகளும் மாறுகின்றன. ஒன்றன்பின் ஒன்றாகச் சமுதாயங்கள் இவ்வாறு மாறிவருவதையே வழிமுறை வளர்ச்சி என்று சூழ்நிலை இயலார் கூறுகின்றனர். முதலில் குடியேறுபவை முன்னோடிகள். பெரிய மாறுதல் இல்லாமல் நெடுங்காலம் நிலைத்து நிற்கும் கடைசிச் சமுதாயத்துக்கு உச்ச சமுதாயம் என்று பெயர்.

இதில் இரண்டு வகை உண்டு. மண்ணே இல்லாத வெறும் பாறையிலோ, எரிமலைச் சாம்பலிலோ தொடங்குவது முதல்நிலை வளர்ச்சி. முன்பு செடிகொடிகள் இருந்து, பின் உழவாலோ தீயாலோ வெள்ளத்தாலோ அழிந்த இடத்தில் தொடங்குவது இரண்டாம் நிலை வளர்ச்சி. இங்கே மண் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. விதைகளும் புதைந்து கிடக்கின்றன. ஆகவே வேலை விரைவாக நடக்கும்.

முதல்நிலை வளர்ச்சிக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் இடையிலுள்ள கிரகட்டோவா தீவு 1883-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெடித்துச் சிதறியது. எஞ்சிய நிலத்தைச் சூடான சாம்பல் மூடியது. அடுத்த ஆண்டு அங்கே சென்று தேடியவர்கள் கண்ட உயிர், மிகச் சிறிய சிலந்தி ஒன்றுதான்! 1886-இல் சாம்பலின்மேல் நீலப்பசும்பாசி படர்ந்திருந்தது, பெரணிகள் முளைத்திருந்தன. சுமார் ஐம்பது ஆண்டுகளில் தீவின் பெரும்பகுதியைக் காடு மூடிக்கொண்டது.

ஆனால் ஐம்பது, நூறு ஆண்டுகள் உட்கார்ந்து பார்க்க யாரால் முடியும்? இதற்கு விஞ்ஞானிகள் ஓர் எளிய வழி கண்டுபிடித்தனர். அமெரிக்காவில் மிச்சிகன் ஏரியின் கரையில் மணல்மேடுகள் வரிசை வரிசையாக உள்ளன. கரையை ஒட்டியவை புதியவை. உள்ளே போகப்போகப் பழையவை. கௌல்ஸ் என்ற தாவர அறிஞர் கரையிலிருந்து உள்நோக்கி நடந்தார். வெறும் மணல், பிறகு புல், பிறகு புதர், பிறகு காடு என்று வரிசையாகக் கண்டார். அவர் நடந்தது சிறிது தூரந்தான். கண்டதோ பல நூறு ஆண்டுகளின் மாறுதலை! தம் முடிவுகளை அவர் 1899-இல் வெளியிட்டார். காலத்துக்குப் பதிலாக இடத்தைப் பார்க்கும் இந்த வழியை நாமும் மதுரையில் கையாளலாம்.

யானைமலையில் ஒரு பாடம்

ஒத்தக்கடைக்குப் போனால் யானை படுத்திருப்பதுபோன்ற பெரும்பாறை ஒன்றைக் காண்பீர்கள். அதுதான் யானைமலை. தூரத்திலிருந்து பார்த்தால் உயிரே இல்லாத மொட்டைப் பாறை என்றுதான் தோன்றும். அருகில் சென்று பாருங்கள். மழைநீர் வழியும் தடங்களில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள் தெரியும். அவை பாறையின் நிறமல்ல, நீலப்பசும்பாசிகள். மழைக்காலத்தில் சில நாள் வாழ்ந்து, கோடையில் காய்ந்து, அடுத்த மழைக்காகக் காத்துக் கிடப்பவை.

சாம்பல், மஞ்சள், வெளிர்பச்சை நிறங்களில் திட்டுத்திட்டாகச் சுண்ணாம்பு தெளித்ததுபோல் ஒட்டியிருப்பவை லைக்கன்கள். ஒரு காளானும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடும்பமே லைக்கன். பாசி உணவு தயாரிக்கிறது. காளான் நீரைப் பிடித்து வைத்துப் பாதுகாப்பளிக்கிறது. லைக்கன்கள் சுரக்கும் அமிலங்கள் பாறையைச் சிறிது சிறிதாக அரிக்கின்றன. பகல் வெயிலும் இரவுக் குளிரும் பாறையில் வெடிப்பு உண்டாக்குகின்றன. பொடிந்த துகள், காற்று கொண்டுவந்த புழுதி, செத்த லைக்கன் எல்லாம் வெடிப்பிலும் பள்ளத்திலும் சேர்ந்து கைப்பிடி மண்ணாகின்றன.

அந்தக் கைப்பிடி மண்ணில் மாஸ் என்னும் சிறு தாவரங்கள் மெத்தைபோல் வளர்கின்றன. மெத்தைக்குள் கண்ணுக்கு எளிதில் தெரியாத உண்ணிகளும், துள்ளிகளும், எறும்புகளும் குடியேறுகின்றன. மண் இன்னும் கொஞ்சம் கூடியதும் கோடையில் சுருண்டு காய்ந்து மழையில் விரியும் பெரணிகளும், சில புற்களும் வருகின்றன. பூச்சிகளைத் தேடிப் பாறை ஓணான் வருகிறது. பெரிய வெடிப்புகளில் சதுரக்கள்ளியும், பறவையின் எச்சத்தில் வந்த இச்சி, ஆல், அரசு ஆகிய மரங்களும் வேர் விடுகின்றன. மலையடிவாரத்திற்கு வந்தால் ஆழமான மண்ணும் அடர்ந்த புதரும் உள்ளன. மொட்டைப் பாறை, வெடிப்பு, பள்ளம், அடிவாரம்: இந்தச் சிறு தூரத்தில் நீங்கள் வழிமுறை வளர்ச்சியின் பல படிகளைப் பார்த்துவிட்டீர்கள்.

நம் கோயில் கோபுரங்களும் ஒருவகைப் பாறைகள்தாம். சுதைக்கும் செங்கலுக்கும் இடையே முளைத்த அரசங்கன்றைத் திருப்பணியின்போது பிடுங்கி எறிகிறார்கள் அல்லவா? பிடுங்காவிட்டால் வேர் தடித்துக் கோபுரத்தையே பிளந்துவிடும். திருப்பணி என்பது வழிமுறை வளர்ச்சியை நிறுத்திவைக்கும் ஒரு வேலை என்றும் சொல்லலாம்!

கிரகட்டோவாவில் ஐம்பது ஆண்டுகளில் காடு வந்தது. யானைமலை மட்டும் ஏன் இன்னும் மொட்டையாக நிற்கிறது? அங்கே கொட்டியது உதிரியான சாம்பல்; இங்கே இருப்பது கெட்டியான கருங்கல் இனப் பாறை. அங்கே மழை மிகுதி. மதுரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 85 செ.மீ. மழைதான். அதிலும் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்து முடிந்துவிடுகிறது. சேர்ந்த மண்ணையும் சரிவில் ஓடும் நீர் அடித்துச் செல்கிறது. மதுரைக் குன்றுகளின் குகைத்தளங்களில் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வெட்டிய தமிழி எழுத்துகளை இன்றும் படிக்க முடிகிறது. நேர் மழை படாத இடம் என்பது ஒரு காரணம். எனினும் பாறை மண்ணாவது எவ்வளவு மெதுவான வேலை என்பதை அந்த எழுத்துகளே நமக்குச் சொல்கின்றன.

தரிசு நிலத்தின் கதை

அடுத்து, உழவு நின்றுபோன ஒரு புஞ்சைக் காட்டுக்குப் போவோம். இங்கே நடப்பது இரண்டாம் நிலை வளர்ச்சி. உழுத மண்ணில் ஏராளமான விதைகள் உறங்கிக் கிடக்கின்றன. முதல் மழையிலேயே அவை விழித்துக்கொள்கின்றன. நெருஞ்சி, நாயுருவி, தும்பை, குப்பைமேனி, துத்தி, கோரை, அருகு என்று நிலம் பச்சையாகிவிடுகிறது. இவற்றில் பலவும் சில மாதங்களே வாழ்பவை. விரைவாகப் பூத்து, ஏராளமாக விதைத்து, மடிந்துவிடுவது இவற்றின் வழக்கம். நாயுருவி விதை உங்கள் வேட்டியிலும் பாவாடையிலும் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். எருக்கு விதை பஞ்சில் தொங்கியபடி காற்றில் பறக்கும்.

இக்கூட்டத்தில் கொழுஞ்சியும் இருக்கும். உழவர்கள் இதைத் தழையுரமாக இடுவதைப் பார்த்திருப்பீர்கள். கொழுஞ்சியின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக மாற்றுகின்றன. பயிர் உறிஞ்சிக் களைத்த மண்ணுக்கு இது மருந்து போன்றது. கறையான்கள் காய்ந்த சருகை இழுத்துச் சென்று மண்ணுக்குள் சேர்க்கின்றன, புற்றுகள் எழுகின்றன. எலியும் பாம்பும் கீரியும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. திறந்த வெளியில் வானம்பாடி தரையில் கூடு கட்டுகிறது.

சில ஆண்டுகளில் நெடுநாள் வாழும் செடிகள் மேலோங்குகின்றன. ஆவாரையின் மஞ்சள் பூக்களும் எருக்கும் எங்கும் தெரிகின்றன. பின்னர் இலந்தை, சூரை, காரை, சங்கஞ்செடி முதலிய முட்புதர்கள் எழுகின்றன. இந்த முட்புதர்கள்தாம் கதையின் திருப்புமுனை. ஏன் என்று கேளுங்கள்.

ஒரு முட்புதர் வந்துவிட்டால் பறவைக்கு உட்கார இடம் கிடைத்துவிடுகிறது. வேப்பம்பழம் தின்ற காக்கையும் மைனாவும் கொண்டைக்குருவியும் அதன்மேல் அமர்ந்து கொட்டையை உதிர்க்கின்றன. வெறும் தரையில் விழுந்த கொட்டை வெயிலில் வாடும். முளைத்தாலும் ஆடு மேய்ந்துவிடும். புதருக்குள் விழுந்த கொட்டைக்கோ நிழல் உண்டு, சருகின் ஈரம் உண்டு, சுற்றிலும் முள்வேலி உண்டு! இலந்தைப் புதரின் நடுவிலிருந்து ஒரு வேம்பு தலை நீட்டுவதை நீங்கள் பார்த்ததில்லையா? இப்படிக் கன்றுகளைக் காக்கும் புதரைச் செவிலிச் செடி என்பர். வளர்ந்த வேம்பு நாளடைவில் தன் நிழலால் அந்த இலந்தையையே நலிவடையச் செய்துவிடும். செவிலித்தாய்க்கு இது நல்ல கைம்மாறு அல்லதான். ஆனால் இயற்கையின் கணக்கு இப்படி.

புதர்கள் நெருங்கியபின் வானம்பாடிக்கு அங்கே வேலை இல்லை. கௌதாரியும் தவிட்டுக்குருவியும் முயலும் அந்த இடத்தை எடுத்துக்கொள்கின்றன. வெள்வேல், குடைவேல், உசிலை, வேம்பு ஆகியவை மரங்களாகி, அவற்றின் தண்டுகள் முதிர்ந்தபின் மரங்கொத்தியும் குக்குறுவானும் வந்து பொந்து குடைகின்றன. பழந்தின்னி வௌவால்கள் அத்தி, ஆல், இலுப்பை முதலியவற்றின் விதைகளை வெகுதூரத்திலிருந்து கொண்டுவருகின்றன. செடி விலங்கை அழைக்கிறது. விலங்கு அடுத்த செடியைக் கொண்டுவருகிறது.

இந்தப் பயணம் எல்லா இடத்திலும் முடிவு வரை செல்வதில்லை. ஆடுகள் ஓயாமல் மேய்ந்தால், அவை தொடாத எருக்கும், அதிகம் விரும்பாத ஆவாரையுமே நெடுங்காலம் நிலைத்துவிடும். ஆண்டுதோறும் விறகு வெட்டினாலும் அப்படியே. ஒரு நிலத்தில் எந்தச் செடிகள் மிகுந்திருக்கின்றன என்று பார்த்தே அந்த நிலம் எப்படி நடத்தப்பட்டது என்பதைச் சொல்லிவிட முடியும்.

என்றும் இளமையாக வைக்கப்பட்ட கண்மாய்

இப்போது கண்மாய். கண்மாயில் நீர் ஆழமாக இருப்பது கரையை ஒட்டிய மடைப்பக்கம். எதிர்ப்பக்கம், அதாவது நீர் வந்து சேரும் உள்வாய்ப் பக்கம், ஆழம் குறைவு. மடையிலிருந்து உள்வாயை நோக்கிப் பார்த்துக்கொண்டே போங்கள்.

ஆழமான நீரில் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள். முக்குளிப்பானும் நீர்க்காகமும் மூழ்கி மீன் பிடிக்கின்றன. சற்று ஆழம் குறைந்ததும் வேலம்பாசி நீருக்குள் கூந்தல்போல் ஆடுகிறது. அடுத்து, தரையில் வேரூன்றி மேலே இலை மிதக்கவிடும் அல்லியும் தாமரையும். அந்த இலைகளின்மேல் நீண்ட விரல்களால் நடந்து திரிகிறது இலைக்கோழி. அதற்கும் அப்பால் இடுப்பளவு நீரில் சம்பையும் கோரையும் நாணலும். அவற்றுள் தாழைக்கோழி மறைந்து வாழ்கிறது. பிறகு ஈரமான புல்வெளி. நத்தை தேடி நிற்கும் நாரைகள். கடைசியில் நாட்டுக் கருவேலம், நீர்மருது, புங்கம்.

இந்த வரிசை ஒரு குளத்தின் வாழ்க்கை வரலாறும் ஆகும். ஓடைகள் வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. செடிகள் மடிந்து அடியில் தங்குகின்றன. ஆழம் குறையக் குறையத் தாமரை நின்ற இடத்தைச் சம்பை பிடிக்கும். சம்பை நின்ற இடத்தைப் புல் பிடிக்கும். புல்லின் இடத்தை மரம் பிடிக்கும். முடிவில் குளமே நிலமாகிவிடும்.

அப்படியானால் பல நூற்றாண்டுகளுக்கு முன் வெட்டிய நம் கண்மாய்கள் இவ்வளவு காலம் தூர்ந்துபோகாமல் இருந்தது எப்படி? மக்கள் அவற்றைத் தூர விடவில்லை. கோடையில் கண்மாய் வற்றியதும் வண்டலை வெட்டி வண்டி வண்டியாக வயலுக்கு அடித்தார்கள். வயலுக்கு உரமாயிற்று, கண்மாய்க்கு ஆழமாயிற்று. சம்பையும் கோரையும் அறுத்துப் பாயாகவும் கூரையாகவும் மாறின. ஊரே கூடிச் செய்த இந்த வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். கண்மாய் என்பது வழிமுறை வளர்ச்சியின் தொடக்கப் படியிலேயே மனிதன் வேண்டுமென்று நிறுத்திவைத்த ஒரு சமுதாயம். ஆகவே "தொடாமல் விட்டுவிடுவதே இயற்கையைக் காப்பது" என்ற சொல் கண்மாய்க்குப் பொருந்தாது.

கிணற்றுப் பாசனமும் பெருகி, ஊர்க்கட்டுப்பாடும் தளர்ந்தபின் பல கண்மாய்களில் வண்டல் அப்படியே தங்கியது. நகரக் கண்மாய்களில் சாக்கடை நீரும் சேர்ந்தது. சாக்கடையிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் நீர்ச்செடிகளுக்கு விருந்து. தென்னமெரிக்காவிலிருந்து வந்த வெங்காயத் தாமரை வண்டியூர், செல்லூர்க் கண்மாய்களில் பாய் விரித்தாற்போல் படர்ந்ததற்கு இதுவே காரணம். அதன் அடியில் வெளிச்சம் இல்லை, ஆக்சிஜன் குறைவு, மீனும் மற்ற செடியும் வாழ இயலாது. அது மடிந்து மடிந்து கண்மாயை மேலும் தூர்க்கிறது. இயற்கை மெதுவாகச் செய்யும் வேலையைக் கழிவுநீர் விரைவுபடுத்திவிடுகிறது. தூர்ந்த கண்மாயில் கட்டடம் எழுவது அடுத்த படி. ஆனால் மழைநீர் தன் பழைய இடத்தை மறப்பதில்லை. 2024 அக்டோபரில் பெய்த கனமழையின்போது செல்லூர்ப் பகுதித் தெருக்களில் வெள்ளம் புகுந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். 2017-இல் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியது என்றால், அந்தப் பழைய வேலைக்கு இன்றும் தேவை இருக்கிறது என்றுதான் பொருள்.

முன்னோடி உதவுமா, தடுக்குமா?

முன்னால் வந்தவை பின்னால் வருபவற்றுக்கு வழி அமைத்துக் கொடுக்கும் என்றே தொடக்க கால அறிஞர்கள் கருதினர். 1977-ஆம் ஆண்டு கொன்னெல், ஸ்லாட்டியர் என்ற இரு விஞ்ஞானிகள் வேறொன்றைச் சுட்டிக்காட்டினர். முன்னோடிகள் மூன்று வகையாக நடந்துகொள்ளலாம் என்றனர்.

ஒன்று, உதவுதல். பாறையில் மண் சேர்க்கும் லைக்கனும், வேம்புக்குச் செவிலியாகும் இலந்தையும் இவ்வகை. இரண்டு, பொறுத்தல். முன்னோடி உதவுவதும் இல்லை, தடுப்பதும் இல்லை. அதன் நிழலைப் பொறுத்து மெதுவாக வளரத் தெரிந்த மரம் இறுதியில் வென்றுவிடுகிறது. மூன்று, தடுத்தல். முன்னோடி இடத்தைப் பிடித்துக்கொண்டு வேறு எதையும் உள்ளே விடுவதில்லை.

மூன்றாம் வகைக்கு மதுரைப் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டுச் சொல்லவே வேண்டாம். சீமைக் கருவேலம்! தென்னமெரிக்கா, மத்திய அமெரிக்கா, கரீபியன் பகுதிகளுக்கு உரிய இந்த மரத்தின் விதை 1877 வாக்கில் ஜமைக்காவிலிருந்து அன்றைய சென்னை மாகாணத்துக்கு வந்தது. வறண்ட நிலத்தில் விறகு வேண்டும் என்பதே நோக்கம். அது முன்னோடிக்குரிய எல்லாத் தகுதிகளும் உடையது: வறட்சியைத் தாங்கும், உவர் நிலத்திலும் வளரும், வேர்முடிச்சால் நைட்ரஜன் சேர்க்கும். இனிப்பான நெற்றை ஆடுமாடுகள் தின்கின்றன. விதைகள் செரிக்காமல் சாணத்தோடு வெளிவந்து முளைக்கின்றன. ஆனால் உதவும் முன்னோடியைப் போல் அது வழிவிடுவதில்லை. அதன் நெருங்கிய முட்கிளைகளின் கீழும், ஆழமாகப் பாய்ந்து நீர் உறிஞ்சும் வேர்களின் நடுவிலும் மற்றவை தலையெடுப்பது கடினம். அதன் இலைகளிலிருந்து கசியும் சில பொருள்கள் வேறு விதைகள் முளைப்பதையும் தடுக்கின்றன. வெட்டினால் அடிமரத்திலிருந்து பல கிளைகளாகத் தழைக்கும்.

இதை ஓர் அரக்கனாக மட்டும் காண்பதும் சரியல்ல. வைகைக் கரை முதல் இராமநாதபுரம் வரை எத்தனையோ ஏழைக் குடும்பங்களின் அடுப்பு இதன் விறகில் எரிந்தது. கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவர்கள் பலர். சீமைக் கருவேலத்தை அகற்றும்படி சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதும், 2022-இல் தமிழக அரசு அயல் தாவரங்களைப் பற்றி ஒரு கொள்கையை வெளியிட்டதும் அறிந்த செய்திகள். ஆனால் பல இடங்களில் இயந்திரம் கொண்டு வேரோடு பிடுங்கிய நிலம் இரண்டு மூன்று மழைக்குப் பிறகு மீண்டும் சீமைக் கருவேலக் காடாகவே நின்றது. ஏன்?

வழிமுறை வளர்ச்சியைப் படித்த உங்களுக்கு விடை தெரியும். கிளறிய வெறும் நிலம் என்பது முன்னோடிக்கு விரிக்கும் கம்பளம். மண்ணில் அதன் விதைகள் இருக்கின்றன. சுற்றிலும் அதன் தாய்மரங்கள் இருக்கின்றன. வேறு மரத்தின் விதையோ அருகில் இல்லை. இயற்கையில் காலி இடம் காலியாக இருப்பதில்லை. அடுத்து வருவது யார் என்பதுதான் கேள்வி. பிடுங்குவதோடு நிறுத்தாமல், புதிதாக முளைப்பவற்றைத் தொடர்ந்து அகற்றி, நம் நாட்டு மரங்களின் கன்றுகளைக் காத்து வளர்த்தால்தான் விடை மாறும்.

விதை வீடுகள்

அந்த நாட்டு மரங்களின் விதை எங்கிருந்து கிடைக்கும்? இங்கேதான் கோயில் காடுகளின் அருமை தெரிகிறது. மதுரைக் கிழக்கு வட்டத்தில் இடையபட்டியில் வெள்ளிமலைக் கோயில் காடு இருக்கிறது. சாமிக்குரிய காடு என்பதால் ஊரார் அதில் மரம் வெட்டுவதில்லை. உசிலை மரங்கள் மிகுந்த அந்தக் காட்டைப் பார்த்தால், சுற்றியுள்ள சமவெளி முன்பு எப்படி இருந்திருக்கும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். உசிலம்பட்டி என்ற ஊர்ப் பெயரிலும் அந்த மரம் இன்றுவரை வாழ்கிறதல்லவா?

மதுரைச் சமவெளியின் உச்ச சமுதாயம் எது? அமெரிக்க அறிஞர் கிளெமென்ட்ஸ் 1916-இல் எழுதிய நூலில், ஒரு வட்டாரத்தின் தட்பவெப்பத்துக்கு ஏற்ற ஒரே உச்ச சமுதாயம்தான் உண்டு என்றார். 1926-இல் கிளீசன் என்பவர் இதை மறுத்தார். எந்தச் செடி எங்கே வளரும் என்பது மண், விதை, தற்செயல் ஆகிய பலவற்றைப் பொறுத்தது. எனவே முடிவும் ஒன்றாக இராது என்றார். இன்றைய சூழ்நிலை இயல் பெரிதும் கிளீசன் பக்கமே சாய்ந்திருக்கிறது. மதுரையைச் சுற்றியுள்ள முட்காடுகள் இயல்பான இறுதி நிலையா, வெட்டியும் மேய்த்தும் பாதியில் நின்ற நிலையா என்பது பற்றியும் அறிஞரிடையே வாதம் உண்டு.

எப்படியிருந்தாலும் முட்காட்டைப் பயனற்ற பொட்டல் என்று எண்ண வேண்டாம். பெரிய விழிகளையுடைய தேவாங்கு வாழ்வது இத்தகைய வறண்ட காடுகளில்தான். அதற்காகவே திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் கடவூர்ப் பகுதியின் 11,806 ஹெக்டேர் காடு 2022 அக்டோபரில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் அது. மொட்டைப் பாறையும் வீணன்று. மேலூருக்கு அருகே, குன்றும் சுனையும் கண்மாயும் புதரும் ஒருங்கே அமைந்த அரிட்டாபட்டி, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள செங்குத்தான பாறைகள் வல்லூறுகளின் இருப்பிடம். 2024-இல் அவ்வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது மக்கள் எதிர்த்தனர். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. வெட்டிய மரம் சில பத்தாண்டுகளில் மீளலாம். வெட்டிய குன்றோ முதல்நிலையின் முதற்படிக்கே போய்விடும். அங்கிருந்து மீண்டுவர எத்தனை காலம் ஆகும் என்பதை யானைமலையில் பார்த்தோம்.

இப்போது நம் முதற் கேள்விக்கு வருவோம். நூறு ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்தால் மதுரை கடம்பவனம் ஆகுமா? சுவர்களில் அரசும் ஆலும் வளரும். கண்மாய்கள் தூர்ந்துபோகும். சமவெளியில் பெரும்பாலும் சீமைக் கருவேலமே நிற்கும். அழகர்மலை அடிவாரத்தையும் கோயில் காடுகளையும் ஒட்டிய இடங்களில் மட்டும், பறவையும் வௌவாலும் விதை சுமந்து வரும் தூரம் வரை, நாட்டு மரங்கள் மெல்ல மெல்ல வெளியே நடந்து வரும். நீரோரத்தை விரும்பும் கடம்பு, விதை கொடுக்கத் தாய்மரம் அருகில் இருந்தால் வைகைக் கரையில் ஒதுங்கி நிற்கலாம். ஆக, காடு திரும்பி வருவதும் வராததும் இன்று நாம் எத்தனை தாய்மரங்களை மிச்சம் வைக்கிறோம் என்பதில் இருக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் பள்ளி மைதானத்தின் ஒரு மூலையிலோ வீட்டுக் கொல்லையிலோ ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலமுள்ள இரண்டு சதுரங்களை அருகருகே அளந்து, நான்கு மூலையிலும் குச்சி நட்டுக் கயிறு கட்டுங்கள். இரண்டிலும் செடிகளை நீக்கி மண்ணைக் கொத்திவிடுங்கள். ஒன்றைச் சுற்றி ஆடு கோழி நுழையாதபடி முள் வையுங்கள். மற்றதைத் திறந்தே விடுங்கள். புரட்டாசியில் தொடங்கினால் நல்லது. மழை உங்களுக்கு உதவும்.

வாரம் ஒருமுறை எந்தெந்தச் செடிகள், எத்தனை, எவ்வளவு உயரம், என்னென்ன பூச்சிகள் என்று குறித்து வாருங்கள். பெயர் தெரியாத செடியைப் பாட்டியிடமோ உழவரிடமோ கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். தை மாதம் வரும்போது இரண்டு சதுரங்களும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். குறிப்பேட்டை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். முள் வைத்த சதுரத்தை அடுத்த புரட்டாசி வரை விட்டுவைத்துப் பாருங்கள். முதல் ஆண்டில் இல்லாத செடி ஒன்று அதில் தலை காட்டினால், அது எந்த மரத்திலிருந்து, யார் கொண்டுவந்து போட்ட விதை என்று தேடிக் கண்டுபிடியுங்கள்.